மாமா அறையின் ஈரக்கறை

ஜூன் 6, வியாழன்

மாமா அறை சீலிங்கில் ஒரு கறை. உள்ளங்கை அகலம்தான். டீ சிந்தித் துடைக்காமல் விட்ட நிறம். ஜன்னல் சுவரிலிருந்து ஒரு முழம் உள்ளே, சரியாக அவர் தலையணைக்கு மேலே. காலை மாத்திரை கொடுக்கப் போனபோது மல்லாந்து படுத்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேருந்து மாமா இது?"

"முந்தாநாள் மழையிலேருந்து. ஒண்ணுமில்ல, விடும்மா. ஒழுகாத பஸ்ஸையா நான் ஓட்டியிருக்கேன்?"

என் மாமனார் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். எதைக் கேட்டாலும் ஒரு பஸ் வந்து நிற்கும். போன வருடம் அத்தை இறந்த பிறகு, குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். ஒரு பெட்டி, ஒரு ரேடியோ, அந்த இரும்புக் கட்டில். கட்டில் வராமல் நானும் வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இவரிடம் சொன்னேன். "பாக்கறேன்" என்றார். இந்த வீட்டில் 'பாக்கறேன்' இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

பார்த்தார்! ஏணி போட்டு, டார்ச் அடித்து, கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டு இறங்கினார்.

"இது எதுக்கு?"

"பரவுதா இல்லையான்னு தெரிய வேண்டாமா? ஒரு தடவை அளந்தா அது அளவே இல்ல."

தொழிற்சாலையில் தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கிற வேலை. அங்கே அவருக்குப் பெயரே 'ஸ்கேல்'. எதையும் மூன்று முறை அளக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அங்கே அது பெருமை. இங்கே என் தலையெழுத்து.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தீர்களா என்றால், முதலில் கீழே என்ன நடக்கிறது என்று புரியட்டுமாம்.

நானே போனேன். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்து, அந்த மூலையில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. கைப்பிடிச் சுவரின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். குனிந்து சருகை எடுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகாது.

எடுக்கவில்லை. குழாயில் சொட்டினால் நான். அடுப்பு எரியாவிட்டால் நான். பல்பு மாற்ற நான், கதவுக்கு எண்ணெய் விட நான். இந்த ஒன்றையாவது அவர் செய்யட்டும். அவங்க அப்பா அறைதானே!

ஜூன் 16, ஞாயிறு

மேஸ்திரி தானாக வந்து நின்றார். எங்கள் வீட்டுப் படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவர்தான். பக்கத்து வீட்டில் மாடி வேலை நடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் மாடியில் தண்ணீர் நிற்பது தெரிந்ததாம். மேலே ஏறிச் சருகை எல்லாம் வாரிப் போட்டுவிட்டு இறங்கினார். பக்கவாட்டுச் சந்தில், மாமா ஜன்னலுக்குக் கீழே நின்றுதான் பேசினோம். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அடைப்பை எடுத்துட்டேன்க்கா. ஆனா விரிசல் ஒண்ணு ஓடுது. கொஞ்சம் கொத்தி, கலவை வெச்சு, மேல ரெண்டு பூச்சு அடிச்சா முடிஞ்சுது. அரை நாள் வேலை. சாமானெல்லாம் கையிலயே இருக்கு, இன்னிக்கே முடிச்சுடட்டுமா?"

இவர் முடிவெட்டப் போயிருந்தார். "அவர் வரட்டும், பேசிட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டேன். போகும்போது நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவரிடம் சொல்லவில்லை. அவராகப் போய் அழைக்கட்டும். நான் அழைத்து வந்து, நான் பக்கத்தில் நின்று, நான் வேலை வாங்கி, கடைசியில் "ஆமா, சரி பண்ணியாச்சு" என்று அவர் தங்கையிடம் போனில் அவர் சொல்வார். வேண்டாம் சாமி.

ஜூன் 27

இரண்டாவது கோடு. முதல் கோட்டைவிட நான்கு விரல் பெரிது. தேதி போட்டாயிற்று. அவர் செய்யட்டும்.

ஜூலை 8, திங்கள்

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் புகார் வாங்குகிற போன் வேலை எனக்கு. ஒரு நாளைக்கு எண்பது பேர் திட்டுவார்கள். எண்பது பேருக்கும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று தேன் ஒழுகப் பதில் சொல்ல வேண்டும்.

இன்று ஒரு பெண். மெஷினில் ஐந்து மாதமாகக் கசிகிறதாம். துணி போட்டுத் துடைத்துத் துடைத்து ஓட்டியிருக்கிறாள். இப்போது மோட்டாரே போய்விட்டது. "ஏன்மா, சின்ன ரப்பர் வளையம் மாத்தற வேலை, இவ்வளவு நாள் ஏன் விட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்கக் கூடாது, எங்களுக்குத் தடை. "வீட்டுக்காரர் பாக்கறேன்னாரு மேடம்" என்றாள்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

பெரிய சண்டை.

மூன்று நாள் மழை. கறை இப்போது சொட்டுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி. 'டொக்... டொக்...' என்று அதன் சத்தம் சமையலறைவரை கேட்கிறது. இவர் ஏணி மேல் நின்று நான்காவது கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்! அதற்கென்று தனி நோட்டு வேறு. கோடு எப்போது போட்டது, எத்தனை சென்டிமீட்டர், அன்று மழை எவ்வளவு, எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருக்கிறார்.

"மழை ஜாஸ்தி பெஞ்ச அன்னிக்கு ஜாஸ்தி பரவல, அதைக் கவனிச்சியா?" என்றார் என்னிடம். சந்தோஷமாக!

எனக்கு வந்ததே கோபம். "ஏங்க, அது என்ன உங்க லேபா? உங்கப்பா தலைக்கு மேலங்க! ஏணியில ஏறத் தெரியுது, பென்சில் பிடிக்கத் தெரியுது, ஒரு ஆளைக் கூப்பிடத் தெரியாதா? வாளியையும் அளந்து எழுதிக்கோங்க, நிறைஞ்சு வழியுது!"

"நீ எதுக்கெடுத்தாலும் கத்து" என்றார். "காரணம் தெரியாம கை வெச்சா ஊரெல்லாம் உடைக்கச் சொல்லுவான்."

மாமா ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நாங்கள் இன்னும் சத்தமாகக் கத்தினோம். அவர் இன்னும் கூட்டினார். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோதுதான் மூவரும் நிறுத்தினோம். மானம் போயிற்று.

காரணம் எனக்குத் தெரியும். மாடி விரிசல். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? மாடிப்படி பதினாறு. ஏறிப் பார்க்கட்டுமே.

ஆகஸ்ட் 3, சனி

மின்விசிறி மாட்டியிருக்கும் கொக்கியைச் சுற்றி ஈரம். விளக்கு மினுக்குகிறது. விசிறியை மட்டும் இன்றே கழற்றிவிட்டார், அதில் ஒரு வேகம்! மாமாவுக்கு இப்போது ஸ்டூல் மேல் ஒரு குட்டி ஃபேன். காற்று வருகிறதோ இல்லையோ, கடகடவென்று சத்தம் வருகிறது. "நம்ம பழைய வண்டி மாதிரியே இருக்கு, தூக்கம் நல்லா வருது" என்கிறார்.

அறையில் ஊறின கோணி வாடை. மாமா இருமுகிறார். கேட்டால், எப்போதும் இருமுகிற இருமல்தான் என்கிறார். போன வருடம் மாமா இருமியதாக எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

லீவு போட்டு வீட்டைக் கழுவினேன். மாமா வெளியே நடக்கப் போயிருந்தார். கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போது பார்த்தேன். தரையில் நான்கு கோடுகள்.

துருக் கோடுகள். கட்டிலின் நான்கு கால்களிலிருந்தும் ஜன்னல் பக்கமாக நீள்கின்றன. ஒரே இழுப்பில் வந்தவை இல்லை. விரற்கடை அளவு இழுத்து ஒரு புள்ளி, இன்னும் கொஞ்சம் இழுத்து இன்னொரு புள்ளி. மனிதர் கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு மழைக்கும், நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். ஜன்னலை ஒட்டி இருந்த கட்டில் அறையின் நடுவைத் தாண்டிக் கதவுப் பக்கம் வந்துவிட்டது. தினமும் அந்த அறைக்குள் நான்கு முறை போகிறேன். ஒரு நாள் கூடக் கண்ணில் படவில்லை. எனக்கு என்ன கண் அது?

எழுபத்து நாலு வயது. முட்டி தேய்ந்த கால். இரும்புக் கட்டில். தனியாக.

திரும்பி வந்ததும் கேட்டேன். "கட்டிலை ஏன் மாமா நகர்த்தினீங்க?"

"காத்துக்காக."

"ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு மாமா. நீங்க இந்தப் பக்கம் வந்திருக்கீங்க."

ரேடியோவைத் திருகினார். செய்தி நேரமாம்.

ஆகஸ்ட் 20

இவரிடம் தரையைக் காட்டினேன். டேப்பை எடுத்து வந்து அளந்தார் - எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை - தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர். நோட்டில் எழுதவில்லை. டேப் கையில் சுருண்டுகொண்டது. ரொம்ப நேரம் குத்துக்காலிட்டே உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரியை வரச் சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க" என்றேன்.

நம்பர் என் போனில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன். கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

சீலிங் உப்பிக்கொண்டு நிற்கிறது. கம்பால் தட்டினால் காலிப் பெட்டிச் சத்தம். தொழிற்சாலையில் தணிக்கையாம், பதினைந்தாம் தேதிக்கு மேல் ஆள் பார்க்கிறாராம். அவரையும் சும்மா சொல்லக் கூடாது, ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு வருவதில்லை.

மாமாவை ஹாலில் வந்து படுங்கள் என்றேன். "ஹால் பஸ் ஸ்டாண்டு மாதிரிம்மா. வர்றவங்க போறவங்க எல்லாம் காலை மிதிச்சுட்டுப் போவாங்க" என்று மறுத்துவிட்டார். கட்டில் இப்போது கதவில் இடிக்கிறது. இதற்கு மேல் நகர்த்த இடமில்லை.

செப்டம்பர் 14, சனி

காதில் அந்தச் சத்தம் இன்னும் நிற்கவில்லை. எழுதினால் நிற்குமா பார்க்கிறேன்.

மதியம் மூன்று மணி. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மழைகூட இல்லை, நல்ல வெயில். லாரியில் ஜல்லி கொட்டினால் ஒரு சத்தம் வருமே, அது வீட்டுக்குள் கேட்டது.

ஓடினேன். அறை முழுக்க வெள்ளைப் புழுதி. ஒன்றும் தெரியவில்லை. "மாமா! மாமா!" என்று கத்துகிறேன், பதிலே இல்லை. அந்த இரண்டு நொடி... எனக்கு அந்த இரண்டு நொடி சாகும்வரை போகாது. அப்புறம் கதவோரத்திலிருந்து இருமல் வந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் மாவு மில்லில் இருந்து வந்தவர் போல வெள்ளை. கணுக்காலில் தெறித்த கல் ஒரு கீறல் போட்டிருந்தது, ரத்தம். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, பிரேக் பிடிச்சுட்டேன்" என்கிறார். உதடு நடுங்குகிறது, வாய் மட்டும் பஸ்ஸை விடவில்லை.

ஜன்னல் பக்கம் இரண்டு ஆள் தூக்க முடியாத அளவுக்குக் காரையும் கான்கிரீட்டும் பெயர்ந்து விழுந்து கிடக்கிறது. மேலே கம்பிகள் துருப்பிடித்து எலும்பு மாதிரித் தெரிகின்றன. விழுந்த இடம் எது என்று சொல்லவே வேண்டாம். ஜூன் மாதம் அவர் தலையணை இருந்த இடம்.

அவர் நகர்த்தியிருக்காவிட்டால்.

நாங்கள் எழுதினோம், அளந்தோம், கத்தினோம். நகர்ந்தது அவர் ஒருத்தர்தான்.

இவர் ஓடி வந்தார். அப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கை, கால், தலை. பிறகு குவியலில் இருந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தார். அதில் பென்சில் கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'ஆகஸ்ட் 11'. அதை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

செப்டம்பர் 15, ஞாயிறு

நாத்தனார் வந்துவிட்டாள். இவருக்குத் தங்கை, என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்தவள் இல்லை. இன்று அறை வாசலில் நின்று மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"அண்ணி, அப்பா எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா பெட்டியை அடுக்கினார். "வண்டி பட்டறைக்குப் போனா டிரைவர் வேற வண்டி ஏறணும், அவ்வளவுதானே" என்றார். ரேடியோவை எடுத்துக்கொண்டார். கட்டிலை மட்டும் விட்டுவிட்டுப் போனார். "சரியானதும் வந்துடுங்க மாமா" என்றேன். "பாப்போம்மா" என்றார்.

பாப்போம். இவர் சொல்லும் 'பாக்கறேன்' கேட்டால் கோபம் வரும். இதைக் கேட்டதும் கோபம்கூட வரவில்லை.

செப்டம்பர் 18, புதன்

நானே மேஸ்திரிக்குப் போன் செய்தேன். இவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

மேஸ்திரி மேலே ஏறினார், இறங்கினார், அறைக்குள் வந்து கம்பிகளை விரலால் சுரண்டினார். துரு பொருபொருவென்று உதிர்ந்தது. "தண்ணி பட்டா கம்பி துருவேறி உப்பும் சார். உப்பினா கான்கிரீட்டைத் தள்ளிடும். அதான் கதை." பிறகு என் பக்கம் திரும்பி, ஆதங்கத்தோடு சொன்னார்:

"அன்னிக்கே சொன்னேனேக்கா. ஜூன்லயே. அரை நாள் வேலைன்னு. சாமானோட நின்னேனே."

இவர் என்னைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்தேன். தரையில் அந்த நான்கு துருக் கோடுகள்.

"இப்ப எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் இவர் மேஸ்திரியிடம் கேட்டார்.

"மழை இல்லாம இருந்தா ஒரு மாசம் சார். மாடித் தரையில பதிச்ச தட்டு ஓடெல்லாம் பேர்த்து எடுக்கணும்."

செப்டம்பர் 19

இரண்டு வேளையாக இவர் பேசவில்லை. கத்துவார் என்று காத்திருந்தேன். தட்டை அலம்பி வைக்கிறார், செருப்பை ஒழுங்காக விடுகிறார், பேசமாட்டேன் என்கிறார். சாயங்காலம் நானே போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஆமா, அனுப்பிட்டேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன், விரிசலைப் பார்த்தேன், சொல்லல. நீங்களா செய்யணும்னு இருந்தேன். எல்லாத்தையும் நானே செஞ்சு செஞ்சு அலுத்துப் போச்சுங்க. அதுக்கு உங்கப்பா தலைதான் கிடைச்சுதான்னு கேளுங்க. கேட்டுடுங்க."

அவர் கேட்கவில்லை. "நான் நம்பர் கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றார்.

"குடுத்திருப்பேன்."

"நான் கேக்கலயே."

பிறகு அவரே சொன்னார்: "அளந்துகிட்டே இருந்தா ஏதோ செஞ்சுகிட்டு இருக்கற மாதிரியே இருந்துது. ஆள் வந்தா என்ன சொல்லுவானோன்னு பயம். பெருசா இருந்துட்டா? அதான் தள்ளிக்கிட்டே போனேன்."

இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் கோபமான அழுகை. ஜூன் மாதமே இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நானும்தான் சொல்லியிருக்கக் கூடாதா?

இந்த நாட்குறிப்பைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். 'அவர் செய்யட்டும்', 'அவர் செய்யட்டும்'. படிக்கக் கூசுகிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

வீடு முழுக்கப் புழுதி. சோற்றில் மண், தலையணையில் மண், பல்லில் மண். காலை எட்டு மணிக்கு உளிச் சத்தம் ஆரம்பித்தால் மாலைவரை மண்டைக்குள் இடிக்கிறது. மாடியில் ஓடெல்லாம் பேர்த்தாயிற்று. கம்பிகளைத் தேய்த்து ஏதோ சிவப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். அரை நாள் வேலை!

இவர் தினமும் காலையில் மாடிக்கு ஏறுகிறார். டேப் இல்லாமல்.

அக்டோபர் 6, ஞாயிறு

மாமாவைப் பார்க்கப் போனோம். நாத்தனார் வீட்டில் நல்ல அறை, நல்ல மெத்தை, சுவரில் டிவி. சவரம் செய்து பளிச்சென்று இருந்தார். இருமல் போயிருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

"அப்பா இங்கயே இருந்துடட்டுமே அண்ணி, பழகிட்டாரு" என்றாள் நாத்தனார். மாமா டிவியின் சத்தத்தைக் குறைத்தார், அவ்வளவுதான்.

அவளும் இவரும் கடைக்குப் போன நேரத்தில் மாமாவிடம் சொல்லிவிட்டேன். மேஸ்திரி வந்தது, நான் அனுப்பியது, எல்லாம்.

"தெரியும்மா" என்றார்.

"எப்படி?"

"ஜன்னலுக்குக் கீழ நின்னுதானே பேசினீங்க. நான் உள்ள உக்காந்திருந்தேனே."

ஜூன் பதினாறிலிருந்து மாமாவுக்குத் தெரியும். அரை நாள் வேலை என்று தெரிந்து, அந்த அரை நாள் வராதா என்று மேலே பார்த்துக்கொண்டே மூன்று மாதம் படுத்திருந்திருக்கிறார். "ஏன் மாமா ஒரு வார்த்தை கேக்கல? 'ஏன்டி அனுப்பினே'ன்னு அதட்டியிருக்கலாமே!"

"ஓட்டுறது நீங்க ரெண்டு பேரும்மா. நான் நடுவுல ஏறினவன். ஒழுகுதுன்னு பயணி எத்தனை தடவை டிரைவர்கிட்ட சொல்றது? ஒரு தடவை சொல்லலாம். அப்புறம் சீட்டு மாறி உக்கார வேண்டியதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் பஸ்ஸில் அப்படித்தான் நடக்கும் என்பது போலச் சொன்னார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "கட்டில் எங்க கிடக்கு?"

"ஹால்ல. துணி போட்டு மூடி வெச்சிருக்கோம்."

"கால்ல எண்ணெய் விட்டு வை. ரொம்ப இழுத்துட்டேன்."

அக்டோபர் 12

சீலிங் பூசியாயிற்று. கட்டில் கால்களுக்கு எண்ணெய் விட்டேன். இல்லை, உண்மையைச் சொன்னால், விட எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போனேன், இவர் ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 19, சனி

வெள்ளையடித்தாயிற்று. விசிறி மாட்டியாயிற்று. தரையில் உள்ள துருக் கோடுகளை அமிலம் போட்டு எடுத்துவிடட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர் "வேண்டாம்" என்றார்.

அக்டோபர் 26, சனி

இவர் தனியாகவே போய்த் தங்கை வீட்டில் என்ன பேசினாரோ, என்ன கெஞ்சினாரோ, தெரியாது. நான்கு மணிக்கு வாசலில் ஆட்டோ. முதலில் ரேடியோ இறங்கியது. பின்னாலேயே மாமா.

அறைக்குள் போய் மேலே பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. "புது வண்டி" என்றார். கட்டிலை ஜன்னலை ஒட்டி, பழைய இடத்திலேயே போட்டோம். படுத்துப் பார்த்தார். பெயின்ட் வாடை அடிக்கிறது என்று குறை சொன்னார். அப்பாடா, குறை சொன்னாரே. இத்தனை நாள் இந்த வீட்டில் அவர் ஒன்றுக்கும் குறை சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நவம்பர் 10, ஞாயிறு

முதல் பெரிய மழை. காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பத்து மணிக்குப் பிடித்துக்கொண்டது.

நானும் இவரும் ஒரே குடையில் மாடிக்கு ஓடினோம். குழாயின் வாயில் ஒரு சருகு இல்லை. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குகிறது. அந்த மூலையில் நின்று பார்த்தோம், பாதி நனைந்துவிட்டோம். "பரவாயில்ல" என்றார் இவர். "நல்லா இறங்குது" என்றேன் நான். இரண்டு பைத்தியங்கள்.

கீழே வந்து மாமா அறைக்குள் போனோம். சீலிங்கில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கட்டில் இரண்டு முழம் நகர்ந்திருந்தது.

எண்ணெய் விட்ட கால், சத்தமே கேட்கவில்லை. மாமா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் தரையைப் பார்ப்பதைப் பேப்பருக்கு மேலாகப் பார்த்துவிட்டார்.

"காத்துக்காக" என்றார்.

கூரை சரியாகிவிட்டது, ஒரு மாதத்தில். இதற்கு எந்த மேஸ்திரியை அழைப்பது?

இவர் நேராக ஜன்னலோரம் போனார். தலையணை இருந்த இடத்துக்கு நேர் கீழே, காரை விழுந்த அதே இடத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமாவிடமிருந்து பேப்பரில் ஒரு பக்கத்தை உருவிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார். ஈர வேட்டியோடு. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே மழை சடசடவென்று அடிக்கிறது. எனக்குக் கழுத்து தானாகக் கூசியது, மேலே பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

மாமா பேப்பரை இறக்கினார். "என்னடா இது, ரெண்டு பேரும் அங்க போய் உக்காந்துட்டீங்க?"

"காத்துக்காகப்பா" என்றார் இவர்.

மாமா எங்களையே பார்த்தார். சீலிங்கைப் பார்த்தார். பிறகு, "போட்ட சவாரி போதும், காபி கொண்டா" என்று என்னை அதட்டினார்.

காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடியும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். ஒரு மணிக்குத்தான் மழை விட்டது. அதுவரை கட்டில் அதற்கு மேல் நகரவில்லை.